ஆதி அன்பும் ஓலைக் கொட்டகையும்

வேதபகுதி: வெளிப்படுத்தின விசேஷம் 2:1-7



போன மாதம் ஆராதனை முடிந்ததும் நம் சபையின் மூத்த அம்மா ஒருவர் என்னிடம் வந்து, "பாஸ்டர், பாட்டு நல்லாயிருக்கு, பிரசங்கமும் நல்லாயிருக்கு. ஆனா அந்தக் காலத்து அழுகையக் காணோமே" என்றார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேதத்தைத் திறந்தேன். கர்த்தர் என்னை எபேசு சபைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

எபேசுவும் ஒரு பழைய பெந்தெகொஸ்தே சபைதான்!

அப்போஸ்தலர் 19-ஐ வாசித்துப் பாருங்கள். பவுல் கைகளை வைத்தபோது ஏறக்குறைய 12 பேர் ஆவியின் அபிஷேகம் பெற்று, அந்நியபாஷை பேசி, தீர்க்கதரிசனம் சொன்னார்கள். மாயவித்தைக்காரர் தங்கள் புஸ்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாகக் கொளுத்தினார்கள். அவைகளின் விலை 50,000 வெள்ளிக்காசு! பவுலோ 3 வருஷம் கண்ணீரோடு அவர்களுக்குப் புத்தி சொன்னார் (அப். 20:31).

அதே சபைக்குத்தான் பிற்காலத்தில் ஆண்டவர் கடிதம் எழுதுகிறார். பிரயாசம் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, கள்ள அப்போஸ்தலரைக் கண்டுபிடிக்கிற ஞானமும் இருக்கிறது. ஆதி அன்பு மட்டும் இல்லை. அதற்கு அவர் மூன்று காரியங்களைச் சொல்லுகிறார்: நினை, மனந்திரும்பு, செய் (வச. 5).

1. நினை

1906-ல் அமெரிக்காவில் அசுசா தெருவில் எழுப்புதல் அக்கினி பற்றியெரிந்ததை நாம் அடிக்கடி பேசுகிறோம். அதற்கு 46 வருஷம் முன்பே, 1860-ல், நம்ம திருநெல்வேலிச் சீமையிலேயே அருளப்பன் ஐயாவின் ஊழியத்தில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டது. நாம் நேற்று முளைத்த ஜனம் அல்ல!

நான் வளர்ந்தது தாமிரபரணிக் கரையில் ஒரு ஓலைக் கொட்டகைச் சபை. சாணம் மெழுகிய தரை, கோரைப்பாய், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வாத்தியம் என்றால் ஒரு டோலக், ஒரு கஞ்சிரா, மற்றபடி கைத்தாளம்தான். கரண்ட் போனால் யாராவது பெட்ரோமாக்ஸைப் பம்ப் அடிப்பார்கள், பாட்டு நிற்காது. அம்மா தினமும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிச்சட்டியில் போடுவார்கள். வீட்டில் அரிசி குறைந்த நாளிலும் அந்தப் பிடி குறையாது. அந்தப் பிடியரிசிதான் பாஸ்டர் ஐயா வீட்டில் பொங்கும்.

காத்திருப்புக் கூட்டம் என்றால் நேரம் பார்க்க மாட்டார்கள். முழங்காலில் பாயின் தடம் பதிந்துபோகும். நாங்கள் பிள்ளைகள் அப்படியே பாயில் தூங்கிவிடுவோம். நடுராத்திரியில் விழிப்பு வந்தால், யாரோ ஒருவர் ஊர்ப்பேரைச் சொல்லி, தெருப்பேரைச் சொல்லி அழுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன்.

2. மனந்திரும்பு

பிரியமானவர்களே, "அந்தக் காலம் போல வருமா?" என்று பெருமூச்சு விடுவதோடு நின்றுவிடக் கூடாது. முந்தின நாட்கள்தான் நல்லது என்று பேசுவது ஞானமல்ல என்று பிரசங்கி 7:10 நமக்குக் காட்டுகிறது. பழைய சபையிலும் குற்றம் இருந்தது. மறைக்காமல் சொல்லுகிறேன்.

எனக்கு 10 வயது இருக்கும். பீடி சுற்றுகிற ஒரு அக்கா, வாழ்க்கையில் அடிபட்டு, முதல் தடவை எங்கள் சபைக்கு வந்தார்கள். காதில் சின்னக் கம்மல். பாட்டு நடக்கும்போதே ஒருவர் எழுந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இதைக் கழற்றிப்போட்டுட்டு வந்து உட்காரும்மா" என்றார். அந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அப்படிச் சொன்னவர் வேறு யாருமில்லை, என் அப்பா.

மறுநாள் விடியற்காலம் பாஸ்டர் ஐயா சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவைத் திட்டவில்லை. "வாங்க, போய்ட்டு வருவோம்" என்று மட்டும் சொன்னார். நானும் பின்னாலே ஓடினேன். அந்த அக்கா வீட்டு வாசலில் அப்பா கைகூப்பி, "தங்கச்சி, நான் பேசினது தப்பு. என்னை மன்னிச்சிரும்மா" என்றார். அவர்கள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். ஆனால் சபைக்குத் திரும்ப வரவேயில்லை.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அப்பா எழுந்து, "நான் ஒரு ஆத்துமாவை வாசலிலிருந்து விரட்டிட்டேன்" என்று சொல்லி அழுதார். சபை முழுவதும் முகங்குப்புற விழுந்தது. எனக்கோ வெட்கமாக இருந்தது. அதற்குப்பின் வேதாகமக் கல்லூரியில் எத்தனையோ பாடம் படித்தேன். மனந்திரும்புதலைப்பற்றி அதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஓலையும் பாயும் அல்ல ஆதி அன்பு. தன் தப்பை அறிந்தவுடனே வாசலைத் தேடிப் போகிற இருதயம், அதுதான் ஆதி அன்பு.

3. செய்

ஆண்டவர் ஆதி உணர்ச்சிகளை அல்ல, ஆதிக் கிரியைகளைக் கேட்கிறார். இங்கே முதலாவது நான் அறிக்கையிட வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நம் சபையின் விடியற்கால ஜெபம் நின்றது. ஊரடங்கு முடிந்து கதவைத் திறந்தோம், மைக்செட் வாங்கினோம், கீபோர்டு வாங்கினோம். அந்த ஜெபத்தை மட்டும் நான் திரும்ப ஆரம்பிக்கவில்லை. "ஜனம் வரமாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எழுந்திருக்க மனமில்லாதவன் நானே. கர்த்தர் என்னை மன்னிப்பாராக, நீங்களும் மன்னியுங்கள்.

கீபோர்டு பாவமல்ல. ஆனால் மனந்திரும்பாவிட்டால் விளக்குத்தண்டையே நீக்கிவிடுவேன் என்று ஆண்டவர் எச்சரிக்கிறாரே! விளக்குத்தண்டு போனபின் லைட் எத்தனை எரிந்தால் என்ன?

ஆகவே இந்த மாதம் இரண்டு காரியம் செய்வோம். ஒன்று, வருகிற திங்கட்கிழமை முதல் காலை 5 மணிக்குச் சபைக் கதவு திறந்திருக்கும். நான் பாய் விரித்து வைத்திருப்பேன். இரண்டு பேர் வந்தாலும் போதும், அவர் நடுவில் இருப்பார் (மத். 18:20). இரண்டு, நம்முடைய வார்த்தையால் புண்பட்டுச் சபையை விட்டுப்போன ஒருவரை நினைத்துப் பாருங்கள். போன் வேண்டாம். அவர் வாசலுக்குப் போங்கள். அவர் திரும்பி வராமல் போகலாம். ஆனாலும் போங்கள்.

ஜெயங்கொள்ளுகிறவனுக்கு ஜீவவிருட்சத்தின் கனி வைக்கப்பட்டிருக்கிறது (வச. 7). நம் பிள்ளைகளும் ஒருநாள் நம் சபையை நினைத்துப் பார்ப்பார்கள். அவர்கள் காதில் என்ன சத்தம் கேட்கும்?

கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென். அல்லேலூயா!