கேமில் கலங்கலையும் வை

அன்புள்ள கதிருக்கு,

சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து வந்தும் ராத்திரியெல்லாம் ‘சிவிலைசேஷன் 7’ ஆடுகிறாய் என்று அக்கா குறைபட்டாள். அதற்குத் திட்ட இதை எழுதவில்லை. தொண்டைமண்டலத்தை வைத்து நீயே ஒரு கேம் செய்யப் போகிறாயாமே, அது பற்றித்தான்.

‘சிவிலைசேஷன் 7’-இல் சோழர்கள் உண்டு, கப்பல் போகும் ஆறும் உண்டு. டவுன் போடுகிறாய், தங்கம் சேர்ந்ததும் சிட்டியாக உயர்த்துகிறாய். கப்பல் போகும் ஆறும், தங்கத்தால் உயரும் ஊரும் நம் பக்கத்துக்குப் பொருந்தாது. கொசஸ்தலையிலும் ஆரணியாற்றிலும் வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம்; மற்ற மாதங்களில் பெரும்பாலும் மணல்தான். அதனால் இங்கே ஊர்கள் ஏரியை நம்பியே உட்கார்ந்தன. ஆற்றிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து ஏரி, அது நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரி. மேலூர்க்காரர் கலங்கலில் மண் போட்டு உயர்த்தினால் கீழூர்க்காரர் வயல் காயும். உன் கேமில் சண்டை வேண்டுமா? யானைப்படைக்கு முன்னால் இதை வை.

ஊர் வகைகளையும் ஏணிப்படியாக அடுக்காதே. சோழர் காலத்தில் வேளாளர் ஊருக்கு ஊரார், பிராமணர் பிரம்மதேயத்துக்குச் சபை, வணிகர் நகரத்துக்கு நகரத்தார் என்று தனித்தனி அவைகள் இருந்தன. நிலம் யார் கையில், வணிகம் யார் கையில் என்பதுதான் வேறுபாடு. ஊர் பணம் சேர்த்தால் நகரமாகிவிடாது.

பழவேற்காடு இன்னொரு வகை. உப்பங்கழி ஓரத்துத் துறைமுகம். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது, உள்நாட்டு நெசவாளர்களின் துணிக்காக. 1690-இல் அவர்களின் தலைமையிடம் அங்கிருந்து நாகப்பட்டினத்துக்குப் போனதும் ஊர் மங்கியது. ஒரு துறைமுகம் இறங்குமுகமாவதற்கும் உன் கேமில் வழி இருக்கட்டும்.

பிற்காலத்துக்கு வந்தால், 1944-இல் பூண்டி நீர்த்தேக்கம் வந்து கொசஸ்தலைத் தண்ணீர் சென்னைக்குப் போனது. 1996 முதல் கிருஷ்ணா நீரும் பூண்டிக்கு வருகிறது. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மேல் இறைத்ததில் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்டது. ஆற்றங்கரைக் கட்டத்துக்குப் பரிசு கொடுக்கிற கேம்கள், உறிஞ்சிய தண்ணீருக்குக் கணக்குக் கேட்டு நான் பார்த்ததில்லை. நீ கேட்டால் அதுவே உன் கேமின் தனித்தன்மை.

வரைபடம் போட உட்காருமுன் பூண்டிக்குக் கார்த்திகையில் ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை போய் வா. அங்கே ஏரிப் பாசனம் செய்கிற பெரியவர்களிடம் மடை திறக்கும் முறையைக் கேட்டு எழுதிக்கொள்.

அன்புடன்,
மாமா