கூடை இறக்கிவைத்த நேரத்தில்: பழவேற்காட்டு அம்மாக்களுக்குச் சில குறிப்புகள்

இடுப்பளவு தண்ணீரில் குனிந்து கையால் இறால் தடவுகிறவர், ஏலத்தில் மீன் எடுத்துப் பொன்னேரிக்குக் கொண்டுபோகிறவர், மீன் வெட்டித் தருகிறவர், கருவாடு காயவைக்கிறவர், பனையோலையில் கூடை முடைகிறவர். பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் உழைக்காத அம்மா என்று ஒருவரைக் காட்டுவது கஷ்டம். வேலைக்குப் போகும் பெண்களுக்கென்று பத்திரிகைகளில் வரும் குறிப்புகளில் காலை நடைப்பயிற்சி இருக்கும், ஊறவைத்த பாதாம் இருக்கும். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து ஓடுகிறவருக்கு அவை எதற்கும் உதவாது. என் அம்மா முப்பது வருஷம் கூடை சுமந்தவர். அவருடைய பொழுதை மனதில் வைத்து, தனியாக நேரமோ பணமோ அதிகம் கேட்காத குறிப்புகளாகப் பார்த்து எழுதியிருக்கிறேன்.

1. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: தண்ணீர் குடியுங்கள். அம்மா கிளம்பும்போது ஒரு டம்ளர் காபி குடிப்பார். அதோடு சரி. மத்தியானம் வீடு திரும்பும்வரை ஒரு வாய் தண்ணீர் தொண்டையில் இறங்காது. தாகம் இல்லாமல் இல்லை. குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே, கூடையை யாரிடம் விட்டுப் போவது என்ற கவலைதான். இப்படித் தண்ணீரையும் அடக்கி, சிறுநீரையும் அடக்கி வைத்தால் கிருமி தங்கி எரிச்சல் வரும், அடிவயிறு வலிக்கும். கவனிக்காமல் விட்டால் குளிர்காய்ச்சலோடு சிறுநீரகம்வரை ஏறிவிடும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இந்தத் தொற்று வந்தால் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுவிடலாம்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே இரண்டு டம்ளர் குடித்துவிடுங்கள். கூடையோடு ஒரு பாட்டில் எடுத்துப்போங்கள். பக்கத்துக் கூடைக்காரரோடு ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்: நீ போய் வா, நான் பார்த்துக்கொள்கிறேன், அப்புறம் நான் போகிறேன் என்று. சிறுநீர் வைக்கோல் நிறத்தில் போனால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். கடுந்தேநீர் மாதிரி இருந்தால் உடம்பு தண்ணீருக்குத் தவிக்கிறது. எரிச்சலோடு காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

சந்தையிலும் ஏலம் போடும் இடத்திலும் கழிப்பறை இல்லையென்றால் அதைத் தனியொரு பெண் சகித்துக்கொண்டே இருக்க முடியாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடும். பத்துப் பெண்கள் சேர்ந்து போய் மனு கொடுத்து, தீர்மானத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை வேண்டும் என்று அந்த மூன்றையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.

2. சித்திரை, வைகாசி வெயிலில் தலை சுற்றினால், கை கால் குரக்களி பிடித்து இழுத்தால், வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர் நல்லது.

3. மீன் விற்கிற வீட்டில் அம்மாவின் தட்டில் மீன் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய இறாலும் நண்டும் வியாபாரிக்குப் போய்விடும். வீட்டுக்கு வருவதில் நடுத்துண்டு பிள்ளைகளுக்கு, அடுத்தது வீட்டுக்காரருக்கு. கடைசியில் அம்மாவுக்கு மிஞ்சுவது தலையும் குழம்பும்தான். நான் பள்ளிக்கூடம் படித்த காலம் முழுக்க, அம்மாவுக்கு மீன்தலை என்றால் பிடிக்கும் என்றே நம்பியிருந்தேன்.

இதற்கு ஒரே வழி, குழம்பை இறக்கியதும் யாருக்கும் பரிமாறும் முன்னால் உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிடுவது. கடைசியாகச் சாப்பிட்டாலும் பங்கு குறையாது. மத்தி, நெத்திலி மாதிரி விலை குறைந்த சின்ன மீன்களை மட்டமாக நினைக்க வேண்டாம். நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து கிடைக்கும். மத்தியில் இதயத்துக்கு நல்ல கொழுப்பு நிறைய இருக்கிறது. விடியற்காலையில் அடுப்பு மூட்ட நேரமில்லாத நாளில் பழைய சோறும் சின்ன வெங்காயமும் போதும். வெறும் வயிற்றோடு மட்டும் கிளம்பாதீர்கள்.

4. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி, நகமும் கண்ணின் கீழ் இமையும் வெளுத்திருக்கின்றன என்றால் அதை வயசு என்று தள்ளிவிடாதீர்கள். 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் சோதித்து இரும்புச்சத்து மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் சாப்பிட வேண்டும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் சத்து நன்றாக ஒட்டும். தேநீரும் காபியும் அதைத் தடுக்கும், அதனால் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம், அது இரும்பின் நிறம்.

5. சேற்றுப்புண்ணுக்கு ஈரம்தான் காரணம். ஏரியில் இறங்கும் முன் விரலிடுக்கில் தேங்காயெண்ணெய் தடவுங்கள். கரையேறியதும் உப்பில்லாத தண்ணீரில் கழுவி, பழந்துணியால் ஒவ்வொரு இடுக்காகத் துடையுங்கள். அதற்கு இரண்டு நிமிடம் போதும். ஆறாமல் அரித்துக்கொண்டே இருந்தால் பூஞ்சைக்கான களிம்பு வாங்கிப் போட வேண்டும்.

6. கிளிஞ்சலோ வலையில் சிக்கிய முள்ளோ கிழித்தால், "ஏரித்தண்ணி பட்டா ஆறிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்ற கிருமி வகை உண்டு. அது புண் வழியாக நுழைந்து ஒன்றிரண்டு நாளில் கால் முழுக்கப் பரவக்கூடியது. சர்க்கரை நோயோ கல்லீரல் கோளாறோ உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவி, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று யோசியுங்கள். புண்ணைச் சுற்றிச் சிவந்து, சூடாகி, வீக்கம் மேலேறினால் மறுநாள் காலைவரை காத்திருக்க வேண்டாம், 108க்குப் போன் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஆரணி ஆற்று வெள்ளம் ஏரிக்குள் வரும் நாட்களில், கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

7. கெளுத்தி முள் குத்தினாலும் திருக்கை வால் அடித்தாலும், கடுப்பு தாங்காது. அந்த இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்வரை வைத்திருங்கள், வலி இறங்கும். சூட்டை அடிபடாத கையால்தான் பார்க்க வேண்டும். அடிபட்ட கை மரத்துப்போயிருப்பதால் வெந்தாலும் தெரியாது. முள் உள்ளே முறிந்திருந்தாலோ, நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

8. கூடையைத் தனியாகத் தலைக்கு ஏற்றாதீர்கள். ஒருவர் கைகொடுக்க, முட்டியை மடக்கி எழுந்திருங்கள். ஐஸ் தண்ணீர் கழுத்தில் வழியாமல் கூடைக்குள் கெட்டியான பிளாஸ்டிக் தாள் விரித்து, சும்மாட்டுத் துணியைக் காய்ந்ததாகப் பார்த்து வையுங்கள். அரிவாள்மனையில் உட்கார்ந்து மணிக்கணக்கில் வெட்டுகிறவர்கள், கொஞ்சம் உயரமான மணையில் உட்கார்ந்து, பத்து மீனுக்கு ஒருமுறை எழுந்து நின்றாலே முட்டிவலி பாதி குறையும் என்று அம்மா சொல்வார்.

9. மீனுக்குப் போடுகிற ஐஸ் குடிப்பதற்கானது இல்லை. பிள்ளைகள் எடுத்துச் சப்பினால் தடுத்துவிடுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற கணக்கு. விற்காமல் மிஞ்சி, வெயிலில் கிடந்த சூரையையும் காணாங்கெளுத்தியையும் மத்தியையும் வீட்டுக் குழம்பில் போடாதீர்கள். அவற்றில் உண்டாகும் ஹிஸ்டமின் எவ்வளவு கொதித்தாலும் போகாது. முகம் சிவந்து, தடித்து, தலை வலிக்கும்.

10. கருவாட்டை அரைமணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். குழம்புக்குத் தனியாக உப்புப் போடும் முன் ருசி பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புக்கு மேல் வேண்டாம்.

11. கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகிற அம்மா, கிளம்பும் முன் சுத்தமான கையால் பாலைப் பீய்ச்சி, கொதிநீரில் கழுவிய மூடிபோட்ட கிண்ணத்தில் வைத்துப் போகலாம். நிழலான, குளிர்ந்த இடத்தில் 4 மணி நேரம்வரை கெடாது. கோடையில் அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். பாட்டில் வேண்டாம், பாலாடையே நல்லது. ஆறு மாதம்வரை வேறெதுவும், தண்ணீர்கூட, தேவையில்லை.

பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குக் காலை உணவு செய்ய முடியவில்லையே என்று மனம் உடைய வேண்டாம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது. 2024 ஜூலை 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில் தொடங்கி, ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அதை விரிவாக்கினார்கள். பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சாப்பிடுகிறானா என்று மட்டும் ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

12. தீட்டு நாட்களில் ஏரியில் இறங்காமல் முடியாது என்றால், கரையேறியவுடன் நல்ல தண்ணீரில் கழுவி உலர்ந்த துணி மாற்றுங்கள். துவைத்த துணியை மறைவில் போடாமல் வெயிலில் காயவையுங்கள். வெள்ளைப்படுதலில் நாற்றமோ அரிப்போ இருந்தால் செவிலியரிடம் வெட்கமில்லாமல் சொல்லுங்கள்.

13. முப்பது வயது தாண்டியவர்கள் ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பு, கருப்பை வாய் இந்த நான்கையும் அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். கருப்பை வாய்ப் புற்றுநோய் வலி கொடுக்கும் முன்பே கண்டுபிடிக்கக்கூடியது, தொடக்கத்தில் கண்டால் குணமாகக்கூடியது. மருத்துவ ஆலோசனைக்கு 104ஐ அழைக்கலாம். வீட்டில் அடி உதை என்றால் 181.

14. ஏரியில் ஆண்கள் பாடு முறை வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு இந்தத் துறையில் இன்னாருக்கு முறை, நாளைக்கு இன்னாருக்கு என்று தலைமுறையாகப் பங்கிட்டு வலை போடுகிறார்கள். அதே பாட்டை வீட்டுக்குள்ளும் கொண்டுவாருங்கள். தண்ணீர் பிடிப்பது, பாத்திரம் துலக்குவது, சின்னவனைக் குளிப்பாட்டுவது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பெயர் போட்டுக் கதவில் ஒட்டுங்கள். வீட்டுக்காரர் பெயரும் மகன் பெயரும் அதில் இருக்க வேண்டும். சந்தையிலிருந்து வந்து சாப்பிட்டபின் ஒரு மணி நேரம், அந்தத் தாளில் உங்கள் பெயருக்கு நேரே ‘தூக்கம்’ என்று எழுதுங்கள்.