கலங்கரை விளக்கத்தை நகர்த்துவோமா?

மாணவர்களே, இப்பாடத்தின் தொடக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள ஒளிப்படத்தை உற்றுநோக்குங்கள். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிய உயர்ந்த கோபுரம். அதன் அருகே சாலை, அப்பால் மணல், மணலுக்கும் அப்பால் கடல். சென்னை மெரினாக் கடற்கரையின் தென்பகுதியில் 1977ஆம் ஆண்டு முதல் ஒளி வீசிவரும் கலங்கரை விளக்கம் இது. வட்டவடிவக் கலங்கரை விளக்கங்களையே நீங்கள் படங்களில் மிகுதியாகக் கண்டிருப்பீர்கள். இதுவோ முக்கோண வடிவுடையது.

பெயரைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். கலம் என்பது கப்பல். கரைதல் என்பது அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோம் அல்லவா? கலங்களை அழைக்கின்ற விளக்கு என்பதே இதன் பொருள். சிலப்பதிகாரத்திலேயே இச்சொல் ஆளப்பட்டுள்ளது.

சென்னையின் இவ்விளக்கு இடம் மாறி மாறி வந்தது. 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மாடியில் முதல் விளக்கு எரிந்தது. 1844இல் அதன் பணியை ஒரு கல்தூண் ஏற்றது. அத்தூண் இன்றும் உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. 1894இல் உயர்நீதிமன்றத்தின் குவிமாடத்திற்கே விளக்கு ஏறிற்று. பிறகுதான் மெரினாவிற்கு வந்தது. மும்முறை நகர்ந்த விளக்கை நான்காம் முறையாக நாம் நகர்த்தினால் என்ன?

சென்ற ஆண்டு என் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் இவ்வாறுதான் கேட்டேன். நான் பணியாற்றும் நாக்பூரில் கடல் இல்லை. வகுப்பில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததே இல்லை. ஒரே படத்தை அனைவருக்கும் கொடுத்து, கைப்பேசிச் செயலியிலோ கணினியிலோ விருப்பம்போல் மாற்றி வருமாறு கூறினேன். ஆனால், பார்ப்பவர் ஒருகணமேனும் நம்பவேண்டும் என்று ஒரு நிபந்தனையும் விதித்தேன்.

வந்த படங்களைக் கண்டு வகுப்பே சிரித்தது. ஒருவன் கோபுரத்தை ஆரஞ்சுத் தோட்டத்தின் நடுவே நட்டிருந்தான். ஒருத்தி அதைப் பிறந்தநாள் அப்பத்தின்மேல் மெழுகுவத்தியாக ஏற்றியிருந்தாள். இன்னொருவன் தார்ப் பாலைவனத்தில் நிறுத்தி, "பாலைவனக் கப்பலுக்கும் வழிகாட்ட வேண்டாமா, ஐயா?" என்று ஒட்டகங்களைக் காட்டினான். கற்பனை அருமை. ஆனால் ஒட்டகங்களின் நிழல் இடப்பக்கம் விழுந்தது, கோபுரத்தின் நிழல் வலப்பக்கம் விழுந்தது. அந்தப் பாலைவனத்தில் இரண்டு கதிரவர்கள் காய்ந்திருக்க வேண்டும்! மற்றொருவன் படத்தை இடம்வலமாகத் திருப்பிவிட்டு, யாராலும் கண்டறிய இயலாது என்றான். வடக்கு நோக்கி எடுக்கப்பட்ட படத்தில் கடல் வலப்பக்கம் இருக்கும். திருப்பியதும் அது மேற்கே போய்விட்டது. பேருந்தின் பெயர்ப்பலகை எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவனபோல் தலைமாறி நின்றன.

பட்டைகளின் நிறத்தைப் பச்சையும் மஞ்சளுமாக மாற்றியவனோடு மட்டும் நீண்டநேரம் பேசினேன். படத்தில் அது விளையாட்டு. கடற்கரையில் அப்படிச் செய்தால் மாலுமி குழம்பிப்போவான். இரவில் ஒவ்வொரு விளக்கும் தனக்கே உரிய முறையில் மின்னும். எத்தனை நொடிக்கு எத்தனை மின்னல் என்பதை எண்ணி, இது எந்த ஊர் என்று அறிவார்கள். பகலில் நிறமும் கோலமுமே அடையாளம். அமெரிக்காவின் வட கரோலினாக் கரையில் இதை நன்கு காணலாம். அங்கே ஹேட்டராஸ் முனைக் கோபுரத்தைக் கருப்பு வெள்ளைப் பட்டைகள் திருகாணிபோல் சுற்றிச் செல்கின்றன. லுக்அவுட் முனையில் அதே இரு நிறங்கள் சாய்சதுரக் கட்டங்களாக உள்ளன. போடித் தீவில் அவை கிடைமட்டப் பட்டைகள். கரிட்டக்கில் சாயமே இல்லை, வெறும் செங்கல். கோலத்தைப் பார்த்தே மாலுமி தன் இடத்தை அறிந்துகொள்வான்.

அந்த ஹேட்டராஸ் கோபுரம் மெய்யாகவே நகர்ந்தது என்றால் வியப்பீர்கள். கடல் கரையை அரித்துக்கொண்டே நெருங்கியதால், 1999இல் அதைப் பெயர்த்து, இருப்புப் பாதைமேல் உருட்டி, ஏறத்தாழ 880 மீட்டர் தள்ளி நிறுத்தினர். அதற்கு 23 நாள்கள் ஆயின. நம் விரல் நுனிக்கு ஒரு நொடி போதும்.

முதற்பரிசு ஒரு மாணவிக்குக் கிடைத்தது. அவள் கோபுரத்தைத் தொடவே இல்லை. படத்தில் வெயில் வலப்பக்கத்திலிருந்து விழுவதைக் கவனித்து, ஒரு காலைப்பொழுதில் மொட்டைமாடியில் தாய், தந்தை, தம்பியுடன் அதற்கேற்பத் தானும் நின்று, அண்டை வீட்டாரைப் படம் எடுக்கச் செய்தாள். அந்நால்வரையும் வெட்டி எடுத்து விளக்கின் அடியில் ஒட்டினாள். நிழலும் பொருந்தியது, அளவும் பொருந்தியது. நானே ஒருகணம் ஏமாந்தேன்.

மகிழ்ச்சி மிகுதியில் அவள் அப்படத்தை மயிலாப்பூரில் தனியே வாழும் தன் பாட்டிக்கு அனுப்பிவிட்டாள். படத்தோடு ஒரு சொல்லும் எழுதவில்லை. இரண்டு ஆண்டுகளாக அவர்கள் சென்னைக்குச் சென்றதில்லை. மாலையில் தந்தையின் கைப்பேசி ஒலித்தது. "எங்கேப்பா நிற்கிறீர்கள்? நான் லைட்ஹவுஸ் வாசலிலேயே நிற்கிறேன். யாரையும் காணோமே!" என்றாராம் பாட்டி. சொல்லாமல் வந்து வியப்பூட்டுகிறார்கள் என்று எண்ணி, சமைத்து வைத்துவிட்டு, மயிலாப்பூரிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

மறுநாள் அவள் பரிசை என் மேசைமீது வைத்து, "வேண்டாம் ஐயா" என்றாள். நம்பும்படி இருக்கவேண்டும் என்று விதித்தவன் நான். நம்பிவிட்டவர் என்ன செய்வார் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். படத்தின் மூலையில் 'இது ஒட்டுப்படம்' என்று எழுதி மீண்டும் அனுப்பச் சொன்னேன். அவளும் அவ்வாறே செய்தாள். பாட்டியிடமிருந்து அன்றிரவே மறுமொழி வந்ததாம். "சரி. அப்படியானால் என்னையும் பக்கத்தில் ஒட்டிவிடு. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாளைக் காலையில் படம் எடுத்து அனுப்புகிறேன். வெயில் எந்தப் பக்கம் இருக்கவேண்டும் என்று மட்டும் சொல்."

செயல்பாடு: இப்பாடத்தின் படத்தைப் பெற்றோர் துணையுடன் மாற்றியமையுங்கள். எதை மாற்றினீர்கள், எதை மாற்றாமல் விட்டீர்கள், யாருக்கு அனுப்பப்போகிறீர்கள், அவருக்கு உடன் என்ன எழுதுவீர்கள் என்பவற்றைப் பத்து வரிகளில் எழுதுக.