12% கடனா, 18% கடனா? வகுப்பில் ஒரு ஓட்டு எடுத்துப் பாருங்க!

"பசங்களுக்குப் பணத்தைப் பத்திப் பாடம் எடுத்தா தூங்கிடுறாங்க, என்ன பண்றது?" நம்ம சேனலைப் பார்க்கிற ஆசிரியர்கள் பலருக்கும் இருக்கிற கவலை இது. பாடத்தை விளக்கத்தில் ஆரம்பிக்காதீங்க, ஓட்டெடுப்பில் ஆரம்பிங்க.

இந்தக் கேள்வியைப் போர்டில் எழுதுங்க:

1 லட்சம் ரூபாய் கடன், 12 மாத இ.எம்.ஐ. எது லாபம்?
அ) 12% ஃபிளாட் ரேட்
ஆ) 18% ரெடியூசிங் பேலன்ஸ்

பார்த்ததும் 12% தான் குறைவுன்னு தோணும். இப்போ இதைச் செய்யுங்க:

1. 2 நிமிஷம் தனியா யோசிக்க விடுங்க. பேசக்கூடாது.
2. மென்டிமீட்டர், ஸ்லைடோ மாதிரி ஆப்பில் பெயர் இல்லாம ஓட்டு போடச் சொல்லுங்க. முடிவைத் திரையில் காட்டாதீங்க. காட்டினா, அதிகம் பேர் போட்ட பக்கமே மத்தவங்களும் சாய்ஞ்சிடுவாங்க.
3. சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதம் பேரிடம் இருந்தா, பக்கத்தில் இருக்கிறவரிடம் காரணம் சொல்லி வாதாட விடுங்க.
4. மறுபடியும் ஓட்டு. அதுக்கப்புறம்தான் விளக்கம்.

ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991-ல் தன் வகுப்பில் தொடங்கிய முறை இது. இப்போதான் புரிஞ்சுக்கிட்ட மாணவருக்கு, பக்கத்துப் பையன் எங்கே தடுமாறுறான்னு நல்லாத் தெரியும். வருஷக்கணக்கா பாடம் நடத்துற நமக்கு அது மறந்து போயிருக்கும்.

வகுப்பில் செல்போன் கூடாதா? பிளிக்கர்ஸ் அட்டைகளைப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்க. ஆசிரியரிடம் ஒரு போன் இருந்தாலே போதும். அதுவும் இல்லைன்னா, கண்ணை மூடிக்கிட்டு கை தூக்கச் சொல்லுங்க.

சரி, விடை என்ன?

அ) மாதம் சுமார் 9,333 ரூபாய். மொத்த வட்டி 12,000.
ஆ) மாதம் சுமார் 9,168 ரூபாய். மொத்த வட்டி சுமார் 10,016.

18% கடன்தான் மலிவு! மாசாமாசம் அசல் குறைஞ்சுக்கிட்டே வந்தாலும், ஃபிளாட் ரேட்டில் கடைசி மாசம் வரைக்கும் முழு 1 லட்சத்துக்கும் வட்டி போடுவாங்க. அந்த 12%, ரெடியூசிங் கணக்கில் கிட்டத்தட்ட 21.5% ஆகிடும்.

இந்தப் பசங்க நாளைக்கே பைக் கடனுக்கோ போன் கடனுக்கோ கையெழுத்து போடப் போறவங்க. அங்கே தப்பான விடைக்கு ஒவ்வொரு மாசமும் பணம் கட்டணும். வகுப்பில் தப்பா ஓட்டு போட்டா ஒரு பைசா செலவில்லை. அந்தத் தப்பை இங்கேயே பண்ண விடுங்க.

உங்க வகுப்பில் முதல் ஓட்டுக்கும் ரெண்டாவது ஓட்டுக்கும் எவ்வளவு மாறுச்சுன்னு கமெண்டில் சொல்லுங்க!