கண்ணே செவியாக

வெள்ளித்திரை பேசத் தொடங்கிய நாளை உலகம் கொண்டாடியது. புதுமை கண்ட மக்கள் கொட்டகைகளை நோக்கித் திரள் திரளாகச் சென்றனர். ஆனால், அந்நாளில் தம் மகிழ்ச்சியைப் பறிகொடுத்து நின்ற ஒரு கூட்டத்தாரும் இருந்தனர். அவர்களே காது கேளாதோர். இழந்ததை மீண்டும் பெறுதற்கு அவர்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேல் பாடுபட வேண்டியதாயிற்று. அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த அவ்வரலாற்றை இங்கே காண்போம்.

ஊமைப்படங்களின் காலத்தில் நடிகர் பேசுவதை எவரும் கேட்டதில்லை. முகமும் கையும் உடலுமே பேசின. சொல்லியாக வேண்டிய செய்தி, காட்சிகளுக்கு இடையே எழுத்தில் தோன்றியது. ஆகவே, காது கேட்போரும் கேளாதோரும் ஒரே பலகையில் அமர்ந்து, ஒரே நொடியில் சிரித்தனர். ஒரே நொடியில் கண் கலங்கினர். காது கேளாதோர் சிலர் திரையில் நடிக்கவும் செய்தனர். குழந்தைப் பருவத்திலேயே செவிப்புலனை இழந்த கிரான்வில் ரெட்மண்ட் என்னும் ஓவியர், சார்லி சாப்ளினுக்கு நண்பராகி, அவருடைய படங்கள் சிலவற்றில் தோன்றினார். கியூபாவில் பிறந்த எமர்சன் ரொமெரோ என்பவரும் காது கேளாதவரே. அவர் வேறொரு பெயர் பூண்டு நகைச்சுவைப் படங்களில் நடித்தார்.

1927ஆம் ஆண்டில் ‘தி ஜாஸ் சிங்கர்’ என்னும் படம் வெளிவந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் ஊமைப்படம் மறைந்தது. அதனுடன் திரையில் தோன்றிய எழுத்தும் மறைந்தது. ரொமெரோவைப் போன்றோர் நடிப்புத் தொழிலை இழந்தனர். அவர்களைப் போன்ற பல்லாயிரவர் கொட்டகையையே இழந்தனர். திரையில் வாய்கள் அசைந்தன. பொருள் மட்டும் விளங்கவில்லை.

ரொமெரோ சோர்ந்துவிடவில்லை. 1947ஆம் ஆண்டில் அவர் பழைய படச்சுருள்களைப் பெற்று, அவற்றை ஆங்காங்கே வெட்டி, வசனம் எழுதிய துண்டுகளை இடையிடையே ஒட்டினார். அவற்றைக் காது கேளாதோர் சங்கங்களுக்கு அனுப்பிக் காட்டச் செய்தார். காட்சி தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடியது. ஆயினும், பார்த்தவர்க்குக் கதை விளங்கியது. சில ஆண்டுகளில், காது கேளாதோர் பள்ளிகளின் தலைவர்களாக இருந்த எட்மண்ட் போட்னர், கிளாரன்ஸ் ஓகானர் என்னும் இருவரும் இப்பணியைத் தொடர்ந்தனர். அவர்கள் காட்சியின் மீதே எழுத்தைப் பதித்த படங்களைத் திரட்டி ஊர்தோறும் வழங்கினர். நன்கொடையைக் கொண்டு மட்டும் இப்பணியை நெடுங்காலம் நடத்த இயலாது என்பதை உணர்ந்து, அரசின் துணையை நாடினர். 1958ஆம் ஆண்டில் அதற்கெனச் சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் அதில் கையொப்பமிட்டார்.

மாணவர்களே! இங்கே ஒரு வினா எழலாம். உணவும் கல்வியும் மருத்துவமும் அனைவர்க்கும் வேண்டும். அவற்றை யாரும் மறுப்பதில்லை. பொழுதுபோக்குக்கும் ஒரு சட்டம் வேண்டுமோ? படம் பார்க்காவிட்டால் ஒருவர் வாழ இயலாதோ? இவ்வாறு கேட்டவர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர்.

இதற்கு விடை காண, ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். மாலை நேரம், குடும்பத்தார் அனைவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருக்கின்றனர். திடீரென்று எல்லாரும் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். காது கேளாத சிறுவன் தன் தமக்கையின் தோளைத் தொட்டு, ‘என்ன?’ என்று சைகையால் கேட்கின்றான். ‘பிறகு சொல்லுகிறேன்’ என்கிறாள் அவள். அந்தப் ‘பிறகு’ பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும், ஆறிப்போன நகைச்சுவைக்கு யார் சிரிப்பார்? மறுநாள் தோழர்கள் அந்நிகழ்ச்சியைப் பற்றியே பேசுவர்; அங்கும் அவன் வெளியாளாகவே நிற்பான். அவன் இழந்தது ஒரு வேடிக்கையன்று. தன் வீட்டாரோடும் ஊராரோடும் கூடியிருக்கும் உரிமையை இழந்தான்.

தொலைக்காட்சியில் எழுத்து தோன்றிய வரலாறு வியப்பானது. 1970ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்க அளவைத் தர நிலையத்தார் துல்லியமான நேரக் குறிப்பைத் தொலைக்காட்சி அலையில் மறைத்து நாடெங்கும் அனுப்ப முயன்றனர். அம்முயற்சி நோக்கியபடி நிறைவேறவில்லை. ஆனால், ‘நேரத்தை மறைத்து அனுப்பலாமெனில், எழுத்தையும் அவ்வாறு அனுப்பலாமே’ என்னும் எண்ணம் அதிலிருந்து பிறந்தது. 1972ஆம் ஆண்டில், காது கேளாதோர் பயிலும் காலடெட் கல்லூரியில் இம்முறையைச் செய்து காட்டினர். அதே ஆண்டில் பாஸ்டன் நகரத்து நிலையமொன்று, ‘தி பிரெஞ்சு செஃப்’ என்னும் சமையல் நிகழ்ச்சியை அனைவரும் காணுமாறு வசன வரிகளுடன் ஒளிபரப்பியது. 1973ஆம் ஆண்டின் இறுதியில், மாலைச் செய்தியை எழுத்துடன் அன்றிரவே மறுமுறை ஒளிபரப்பும் வழக்கமும் வந்தது. செய்தி சில மணி நேரம் பிந்தியே வந்தது. ஆயினும், அதற்காகப் பலர் விழித்திருந்தனர்.

‘எழுத்து தோன்றினால் மற்றவர் பார்வைக்கு இடையூறாகுமே!’ என்பது ஒளிபரப்புவோரின் கவலை. இக்கவலைக்கு மறைவெழுத்து முறை விடையளித்தது. அக்காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சிப் படம் 525 கோடுகளால் ஆனது. அவற்றுள் கண்ணுக்குத் தோன்றாத 21ஆம் கோட்டில் எழுத்துக் குறிகளை அனுப்பினர். தனிக் கருவி ஒன்றைப் பெட்டியுடன் இணைத்தவர்க்கு மட்டும் அக்குறிகள் வசன வரிகளாகத் தெரிந்தன. 1980ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள், மூன்று பெரும் நிலையங்கள் இம்முறையில் ஒளிபரப்பத் தொடங்கின.

ஆயினும் புதிய தடை ஒன்று எழுந்தது. கருவியின் விலை இருநூறு டாலருக்கு மேற்பட்டிருந்தது. எழுத்துடன் வரும் நிகழ்ச்சிகள் குறைவாதலால் பலர் கருவியை வாங்கவில்லை. வாங்கியவர் குறைவாதலால் நிலையத்தார் நிகழ்ச்சிகளைப் பெருக்கவில்லை. இம்முடிச்சை 1990ஆம் ஆண்டுச் சட்டம் அவிழ்த்தது. 13 அங்குலமும் அதற்கு மேலும் அளவுள்ள திரை கொண்ட புதிய பெட்டிகள் அனைத்திலும் அக்கருவியின் வேலையைச் செய்யும் உறுப்பு அமைந்திருத்தல் வேண்டும் என்று அது விதித்தது. 1993ஆம் ஆண்டு சூலை முதல் அவ்விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் தனிக் கருவி தேடி அலையும் நிலை நீங்கியது.

காலம் மாறியது, படங்கள் இணையத்தின் வழியே வீட்டுக்கு வரலாயின. பழைய சிக்கலும் புது வடிவில் உடன் வந்தது. பல படங்களுக்கு எழுத்தில்லை. 1880ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கம், 2011ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்சு நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், மக்கள் நேரில் சென்று நுழையும் இடங்களுக்கு மட்டும் உரியதா, இணையத்தின் வழி வரும் தொண்டுக்கும் உரியதா என்பதே வழக்கின் உயிர்நிலை. இணையத்துக்கும் அது பொருந்தும் என நீதிமன்றம் கருதியது. 2012ஆம் ஆண்டில் இரு தரப்பாரும் உடன்பாடு கண்டனர்; 2014ஆம் ஆண்டுக்குள் தன் இணையப் படங்கள் அனைத்துக்கும் வசன வரிகள் அமைக்க நிறுவனம் இசைந்தது.

இனி, இவ்வரலாறு காட்டும் மற்றோர் உண்மையையும் நோக்குவோம். காது கேளாதோர்க்காக எழுந்த வசன வரிகள் இன்று யாருக்குப் பயன்படுகின்றன? பிறமொழி பயில்வோர் அவற்றைப் படித்துச் சொல்லும் உச்சரிப்பும் அறிகின்றனர். உறங்கும் குழந்தையின் அருகில் இருக்கும் தாய், ஒலியை அடக்கிவிட்டு அவற்றால் கதையறிகின்றாள். இரைச்சல் மிகுந்த புகைவண்டி நிலையத்தில் நிற்போர் அவற்றால் செய்தியறிகின்றனர். முதுமையில் செவி மங்கிய பாட்டனார்க்கும் அவையே துணை. பார்வைக்கு இடையூறென்று அஞ்சிய எழுத்து, பலர்க்கும் உதவியாயிற்று. சிலர்க்கென வெட்டிய கிணற்றில் ஊரே நீர் முகக்கின்றது.

ஆயினும், எழுத்தென்று பெயருக்கு ஒன்று இருந்தால் போதாது. அது பேச்சுடன் பொருந்தி வருதல் வேண்டும். பிழையின்றி இருத்தல் வேண்டும். கதவு தட்டும் ஓசையையும், தொலைவில் எழும் அழுகையையும் குறித்தல் வேண்டும். பிழை மலிந்த வரிகளைத் தந்து, ‘இதுவே பெரிது’ என்பது, விருந்தினரை அழைத்துவிட்டு வெறும் இலையை விரிப்பதை ஒக்கும்.

காது கேளாதோர் எவரிடமும் இரக்கத்தை வேண்டவில்லை. ஒரே பலகையில், ஒரே நொடியில், உடன் அமர்ந்து சிரிக்கும் இடத்தையே வேண்டினர். ஊமைப்படக் காலத்தில் அவ்விடம் அவர்களுக்கு இயல்பாகவே இருந்தது. பின்னர் அதனைப் பறித்தது அவர்களுடைய செவியன்று. பிறருடைய மறதியே ஆகும். ஆகவே, இனி நம் அருகில் இருக்கும் ஒருவர் ‘என்ன?’ என்று கேட்கும்போது, ‘பிறகு’ என்று சொல்லாமல், அப்பொழுதே சொல்லுவோமாக.