குதிகால் வலியும் அதற்குரிய எளிய பரிகாரங்களும்

முதுமை வந்ததென்று முதலில் அறிவிப்பது முழங்கால் என்பர். எம் அனுபவத்தில் அதற்கும் முன்னரே முறையிடத் தொடங்குவது குதிகால். காலையில் துயிலெழுந்து தரையில் முதல் அடி வைக்கும்போது குதியின் அடியில் முள் தைத்தாற்போல் சுருக்கென்று வலிக்கும். பத்து இருபது அடி நடந்தபின் குறையும். நெடுநேரம் அமர்ந்து எழுந்தால் மீண்டும் வரும். நம் மூத்தோர் இதனைக் குதிவாதம் என்று வழங்கினர். இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் இங்கே காண்போம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவை வில்போல் வளைந்து அமைந்திருக்கின்றன. அவ்வில்லுக்கு நாணாக விளங்குவது, குதி எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை செல்லும் வலியதொரு நார்ப்பட்டை. நாம் அடியெடுத்து வைக்குந்தோறும் இந்நாண் இழுபடுகிறது. அளவுக்கு மிஞ்சி இழுபட்டால், குதி எலும்பைப் பற்றியுள்ள இடத்தில் நைந்து நோவு தருகிறது. இரவில் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் பட்டை சுருங்கி இறுகிவிடும். காலையில் உடற்பாரம் முழுவதும் திடீரென அதன்மேல் இறங்குவதாலேயே முதல் அடி அவ்வளவு வருத்துகிறது.

நாற்பது வயதுக்கு மேற்பட்டோர், உடல் எடை கூடியோர், கெண்டைக்கால் தசை இறுகியோர் ஆகியோர்க்கு இது மிகுதியாக வரும். சிமெண்டுத் தரையில் நின்றே சமையல் முடிக்கும் மகளிரும், கரும்பலகை முன் நாளெல்லாம் நின்ற எம்போன்ற ஆசிரியரும் இதற்குத் தப்புவது அரிது. ஆண்டு முழுவதும் நடவாதிருந்துவிட்டு, ஒரே நாளில் பொன்னூர் மலையும் திருமலையும் ஏறி இறங்கியவர்க்கு மறுநாள் காலையில் குதி வலித்தால் வியப்பில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, குதியில் எலும்பு முள் வளர்ந்திருக்கிறதென்று அஞ்சுவோர் பலர். வலியே அறியாத பலர்க்கும் அம்முள் உண்டு. அதனை அகற்றாமலே வலி நீங்குகிறது.

படுக்கையை விட்டு இறங்குமுன் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்றுண்டு. வலிக்கும் காலை மற்றைக் கால் முழங்காலின்மேல் வைத்து, விரல்களைக் கையால் பற்றி முன்னங்காலை நோக்கி இழுக்கவும். மறு கையால் உள்ளங்காலைத் தடவினால் நாண் விறைத்து நிற்பது புலனாகும். பத்து எண்ணும்வரை அவ்வாறே பிடித்து விடவும். இங்ஙனம் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்க. சுவரில் கைகளை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னே வைத்து, முழங்கால் மடங்காமலும் குதி தரையை விட்டு எழாமலும் முப்பது விநாடி முன்சாய்ந்து நிற்பதும் நன்று. குளிர்பெட்டியில் உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி, உள்ளங்காலின்கீழ் பத்து நிமிடம் உருட்டினால் இதமாயிருக்கும். ஒரு வாரம் செய்துவிட்டுப் பயனில்லை என்று கைவிடுவோரே மிகுதி. இவ்வலி நீங்கச் சில மாதங்கள் ஆகும். சிலர்க்கு ஓராண்டும் ஆகலாம். குதியில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிறிது காலம் வலியைத் தணிக்கும். அதனால் நார்ப்பட்டை அறுந்துபோவதும் உண்டாதலின், நன்கு கேட்டறிந்த பின்னரே இசைய வேண்டும்.

செங்கல்லைச் சுடவைத்து, அதன்மேல் எருக்கிலையைப் பரப்பி, குதியை ஒற்றியெடுப்பது நம் ஊர்களில் நெடுங்காலமாக உள்ள வைத்தியம். சூட்டினால் சிறிது இதம் உண்டாதல் மெய்யே. ஆயினும் நீரிழிவு உள்ளவர் இதனை ஒருபோதும் செய்தல் ஆகாது. அந்நோய் நாளடைவில் பாதத்தின் நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியை மங்கச் செய்துவிடும். சூடு சுடுவது தெரியாது. எம் உறவினரான மூதாட்டி ஒருவர் இவ்வாறு ஒற்றியெடுத்து, உள்ளங்காலில் கொப்புளம் எழுந்திருப்பதை மறுநாள் பேத்தி கண்டு சொல்லியே அறிந்தார். அப்புண் ஆற மூன்று திங்களாயிற்று. சித்திரை, வைகாசியில் நண்பகல் வேளையில் கோயிற் கற்றளத்தின்மேல் வெறுங்காலுடன் வலம் வருவதும் இத்தகையோர்க்கு அதே இடரைத் தரும். வெயில் ஏறுமுன் தரிசனத்தை முடித்துக்கொள்ளலாம். நாள்தோறும் இரவில் உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதவர் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டு உணர்ச்சியைச் சோதிப்பார். நீரிழிவுடையோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இச்சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளல் வேண்டும்.

பெருவிரல் மூட்டு ஓரிரவில் சிவந்து வீங்கிப் பொறுக்க முடியாமல் வலித்தால், அது யூரிக் அமிலம் மிகுவதால் வருவது. அதற்கு மருந்து வேறு. வலியுடன் காய்ச்சல் இருப்பினும், அடிபட்டபின் காலை ஊன்ற இயலாவிடினும், ஆறாத புண் இருப்பினும் வீட்டு வைத்தியத்தில் காலங்கடத்தலாகாது.

இனி, செருப்பு. வீட்டினுள்ளும் மெத்தென்ற செருப்பு அணிவதை நம்மவர் பலர் விரும்புவதில்லை. குதிவலி உள்ளவர் அவ்வழக்கத்தைத் தளர்த்திக் கொள்வது நலம். வீட்டிற்கென்று தனியே ஒரு சோடி வைத்துக்கொள்ளலாம். எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர் அடித்தளம் இட்ட செருப்புகள் கிடைக்கின்றன. அவ்வடித்தளம் ரப்பரால் ஆயது. மேல்வாரும் தோல் கலவாததா என்று கேட்டு வாங்கினால் நம் நெறிக்கும் இசைந்ததாகும். அணியுமுன் தட்டி உதறுக. கல்லோ ஆணியோ இருப்பின் விழும், ஒதுங்கியுள்ள சிற்றுயிரும் தப்பிப் போகும். புதிதாக வாங்குவோர் மாலையில் சென்று, இரண்டு கால்களிலும் அணிந்து, கடையினுள் நடந்து பார்த்து வாங்குக. பகலெல்லாம் நடந்த பாதம் மாலையில் சற்றுப் பருத்திருக்கும். காலையில் அளவாய் இருந்த செருப்பு மாலையில் இறுக்கும்.