கடல் வெப்பக் கணக்கும் நமது பதிவேடுகளும்

நமது வயல்களில் பெய்யும் மழைக்குத் தாய்வீடு கடலாகும். கடலின் மேற்பரப்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பெரிதும் பொறுத்தே காற்றின் போக்கும் மேகத்தின் திரட்சியும் அமைகின்றன. ஆகவே, கடல் வெப்பம் மீனவர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. மானாவாரி உழவர்க்கும் வேண்டிய செய்தியேயாகும். அவ்வெப்பத்தை முன்னர் எவ்வாறு அளந்தனர், இன்று எவ்வாறு அளக்கின்றனர், இரு கணக்குகளையும் எவ்வாறு ஒப்பிடுகின்றனர் என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

பழைய முறை

1853ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் பல நாட்டினர் கூடி, கப்பல்களில் ஒரே விதமான வானிலைக் குறிப்பேடு வைப்பதற்கு வழிவகுத்தனர். மாலுமிகள் வாளியால் கடல்நீரை முகந்து, அதில் வெப்பமானியை வைத்துப் பார்த்து எழுதினர். கித்தான் வாளியில் எடுத்த நீர், மண்பானை நீரைப் போல, ஈரம் ஆவியாவதால் விரைவில் குளிர்ந்துவிடும். பிற்காலத்தில் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே இழுக்கும் நீரை அளந்தனர். எஞ்சின் அறையின் சூட்டினால் அக்கணக்கு சற்று மிகுந்து நின்றது.

1945ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகக் கடல்கள் திடீரென்று சுமார் 0.3 டிகிரி குளிர்ந்துவிட்டன போலப் பதிவேடுகள் காட்டின. உண்மையில் மாறியது அளக்கும் முறையே. போர்க்காலத்தில் எஞ்சின் நீரை அளந்த அமெரிக்கக் கப்பல்களின் குறிப்புகள் குறைந்து, வாளியால் அளந்த பிரிட்டிஷ் கப்பல்களின் குறிப்புகள் மிகுந்தமையே இதற்குக் காரணமென 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு விளக்கிற்று.

புதிய முறை

1981 முதல் செயற்கைக்கோள்கள் கடலிலிருந்து எழும் வெப்பக் கதிர்களை அளந்து, தொடர்ச்சியான கணக்கைத் தந்து வருகின்றன. கப்பல் செல்லாத கடற்பகுதியும் அவற்றின் பார்வைக்குத் தப்பாது. எனினும் அவை காண்பது நீரின் மேலாடையை மட்டுமே. வாளி முகப்பதோ அதற்குக் கீழுள்ள நீரை. மேகம் மறைத்தால் வெப்பக் கதிர்கள் கருவிக்கு எட்டா. எரிமலைப் புகைமூட்டம் பரவினால் கடல் உள்ளதைவிடக் குளிர்ந்ததாகத் தோன்றும்.

1982இல் நேர்ந்தது இதுவே. மெக்சிகோ நாட்டின் எல் சிச்சோன் எரிமலை வெடித்து எழுந்த மூட்டத்தால் செயற்கைக்கோள்கள் பசிபிக் கடலைக் குளிர்ந்ததாகக் காட்டின. அதே சமயத்தில் கப்பல்கள் அனுப்பிய மிகுந்த வெப்ப அளவுகள், வழக்கத்திற்குப் பெரிதும் மாறுபட்டவை என்பதால், பிழையெனக் கருதி ஒதுக்கப்பட்டன. இதனால் எல் நினோ எனப்படும் பெரும் கடல் வெப்ப மாறுதல் ஒன்று காலந்தாழ்த்தியே உணரப்பட்டது. அவ்வாண்டில் இந்தியாவிலும் தென்மேற்குப் பருவமழை குறைந்தது.

ஒப்பிடும் முறை

இன்று கடலில் மிதவைகள் பல அமைந்துள்ளன. ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் மிதவை காட்டிய அளவையும் செயற்கைக்கோள் காட்டிய அளவையும் இணைசேர்த்து, வேறுபாட்டைக் கண்டு திருத்துகின்றனர். பகலில் வெயில் மேலாடையைச் சூடேற்றுமாதலால், இரவு அளவுகளைத் தனியே ஆராய்வதும் உண்டு. பழைய வாளிக் கணக்குகளை விஞ்ஞானிகள் எறிந்துவிடவில்லை. எந்த வாளி, எந்த முறை என்பதறிந்து திருத்திப் பயன்படுத்துகின்றனர். முறையைக் குறித்துவைத்த ஏடுகளைத் திருத்துதல் எளிது. குறியாத ஏடுகளுக்கு ஊகமே துணை.

நாம் செய்யத்தக்கன

இக்கருத்து நமது ஊராட்சிகளுக்கும் பொருந்தும். கிணற்றின் சுற்றுச்சுவரை இரண்டடி உயர்த்திக் கட்டிய பின், அதன் மேல்விளிம்பிலிருந்து அளந்தால், நீர்மட்டம் இரண்டடி இறங்கியதுபோலத் தோன்றும். மழைமானியின் அருகே மரம் வளர்ந்தால், பெய்த மழை குறைவாகப் பதிவாகும். அக்கணக்கை நம்பிப் பயிரைத் தேர்ந்தாலோ, ஆழ்துளைக் கிணறு தோண்டினாலோ, இழப்பு நம்முடையதே.

ஆதலின், அளக்கும் இடம், நேரம், கருவி ஆகியவற்றைப் பதிவேட்டின் முதற்பக்கத்தில் எழுதிவைப்போமாக. கருவியை மாற்றினால் அந்தத் தேதியைக் குறிப்பதோடு, பழையதையும் புதியதையும் ஒரு பருவமேனும் அருகருகே வைத்து அளப்போமாக. வழக்கத்திற்கு மாறான எண் வந்தால் அதனை அடித்துவிடாமல், நேரில் சென்று மீண்டும் அளந்து பார்ப்போமாக.